கரையிலிருந்து முப்பது மீட்டரில் ஒரு கப்பல்: துலாம்பென் எப்படிப் புதியவர்களின் கடலானது?

இந்தோனேசியாவின் பாலித் தீவில் இருக்கும் துலாம்பென் கரையில் மணலைத் தேடக் கூடாது. கரை முழுக்கக் கறுப்புக் கற்கள்தான். சில முட்டை அளவு, சில தேங்காய் அளவு. அலை ஏறி வரும்போது பெரிதாகச் சத்தம் கேட்காது. இறங்கும்போதுதான் கற்கள் ஒன்றோடொன்று உருண்டு, தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம் கிளம்பும். பாலி என்றதும் சுற்றுலா விளம்பரங்களில் வரும் வெள்ளைக் கடற்கரை இதுவல்ல. ஆனாலும் காலை ஆறு மணிக்கே ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு ஆட்கள் வந்து நிற்பார்கள். அந்தக் கற்களிலிருந்து ஏறத்தாழ 30 மீட்டர் தள்ளி, தண்ணீருக்கடியில், 125 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று கிடக்கிறது. நடந்தே போய் இறங்கலாம்.

டைவிங் பழகுகிறவர்களுக்கென்று சொல்லப்படும் இடங்கள் பெரும்பாலும் கொஞ்சம் சலிப்பானவை. ஆழம் குறைவு, தண்ணீர் அசையாது, அடியில் மணல், அங்கங்கே நாலு மீன். மீன் கொட்டிக் கிடக்கும் இடங்களோ நீரோட்டம் பாயும் முனைகள், செங்குத்துச் சரிவுகள். ஓட்டம் இருந்தால் இரை வரும்; இரை வந்தால் மீன் வரும். அதே ஓட்டம்தான் புதியவர்களை அடித்துக்கொண்டும் போகும். ஆகவே 'எளிது' என்பதும் 'வளம்' என்பதும் ஒரே இடத்தில் சேர்வது அபூர்வம். துலாம்பென்னில் சேர்ந்திருக்கிறது. யாரும் திட்டமிட்டுச் சேர்க்கவில்லை. ஒரு டார்பிடோ, ஓர் எரிமலை, கரை சரியும் விதம், சுமை தூக்கும் ஊர்ப் பெண்கள் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை ஒரே இடத்தில் வந்து கூடின.

முதலில் கப்பல். பெயர் லிபர்ட்டி. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், கியர்னி என்ற ஊரின் கப்பல் தளத்தில் கட்டப்பட்டு 1918 ஜூனில் நீரில் இறக்கப்பட்ட சரக்குக் கப்பல். முதல் உலகப் போரின் கடைசி மாதங்களில் அமெரிக்கக் கடற்படையிடம் இருந்தது. பிறகு வணிகக் கப்பலாக ஓடியது. 1940-இல் அமெரிக்கத் தரைப்படை எடுத்துக்கொண்டது. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா அச்சடித்த மாதிரி 2,710 சரக்குக் கப்பல்களைக் கட்டித் தள்ளியது. அவற்றுக்கு 'லிபர்ட்டி கப்பல்கள்' என்று பெயர். துலாம்பென் கப்பல் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அவற்றில் முதலாவது நீரில் இறங்கியதே 1941 செப்டம்பரில்தான். இது அவற்றைவிட இருபத்து மூன்று வயது மூத்தது. பெயர்தான் ஒன்று. கரையிலேயே சில வழிகாட்டிகள் இதை மாற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

1942 ஜனவரியில் இந்தக் கப்பல் ரயில்பாதைச் சாமான்களையும் ரப்பரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஜனவரி 11 அன்று, பாலிக்கும் அதன் பக்கத்துத் தீவான லொம்போக்குக்கும் நடுவில் உள்ள லொம்போக் நீரிணைக்கு அருகே ஐ-166 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி டார்பிடோவை ஏவியது. அடி பலம், ஆனால் கப்பல் உடனே மூழ்கவில்லை. பால் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலும் வான் கென்ட் என்ற டச்சுப் போர்க்கப்பலும் கயிறு கட்டி இழுத்தன. பாலியின் வடகரையில் உள்ள சிங்கராஜா துறைமுகத்தை எட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். பாதி வழியிலேயே தண்ணீர் மிஞ்சிவிட்டது. சரக்கையாவது மீட்போம் என்று பக்கத்தில் இருந்த கரையில் ஏற்றி நிறுத்தினார்கள். அந்தக் கரைதான் துலாம்பென். சுட்ட நீர்மூழ்கியும் போரைத் தாண்டவில்லை. 1944 ஜூலையில் மலாக்கா நீரிணையில் டெலிமேகஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கியிடம் சிக்கி மூழ்கியது.

அப்புறம் இருபத்தொரு வருடம் லிபர்ட்டி கரையிலேயே கிடந்தது. சரக்கு போனது, கழற்ற முடிந்த இரும்பெல்லாம் போனது. அப்படியே விட்டிருந்தால் மீதியும் துண்டு துண்டாகப் பழைய இரும்புக்குப் போயிருக்கும். இன்று எழுத ஒன்றும் இருந்திருக்காது. 1963-இல் அகுங் எரிமலை வெடித்தது. மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த இந்த மலை துலாம்பென்னுக்கு நேர் பின்னால் நிற்கிறது. பாலிக்காரர்களுக்கு அது வெறும் மலையல்ல, தெய்வங்களின் இருப்பிடம். அதன் தென்மேற்குச் சரிவில் உள்ள பெசாகி கோயிலில் நூறாண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டிய ஏகாதச ருத்ர வழிபாடு நடந்துகொண்டிருந்த வேளையில் மலை பொங்கியது. ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். கோயில் மயிரிழையில் தப்பியது. அந்த மாதங்களின் நிலநடுக்கங்களும் எரிமலைப் பொங்கலும் கரையை உலுக்கியதில், கப்பல் உடைந்து, சரிவில் நழுவி, கடலுக்குள் பக்கவாட்டில் படுத்துவிட்டது. போர் கொண்டுவந்து கரையில் போட்டதை மலை தள்ளிக் கடலில் சேர்த்தது.

நழுவிய கப்பல் எங்கே போய் நின்றது என்பதுதான் துலாம்பென்னின் அதிர்ஷ்டம். இன்னும் ஐம்பது மீட்டர் உருண்டிருந்தால் ஆழத்துக்குப் போய், தேர்ந்தவர்கள் மட்டும் எட்டிப் பார்க்கும் இடமாகியிருக்கும். நழுவாமலே இருந்திருந்தால் அலை அடித்தே நொறுக்கியிருக்கும். இப்போது அது கரைக்கு இணையாக, கறுப்பு மணல் சரிவில் கிடக்கிறது. மேல்முனை நீர்மட்டத்திலிருந்து சுமார் 5 மீட்டரில். அடிப்பகுதி ஏறத்தாழ 30 மீட்டரில். அதாவது மேலே மிதந்துகொண்டு ஸ்நார்க்கல் குழாயில் மூச்சுவிடுகிறவருக்கும் ஒரு துண்டு தெரியும். முதல் முறை சிலிண்டர் கட்டியவருக்கும் ஒரு துண்டு உண்டு. நூறு முறை இறங்கியவருக்கும் மிச்சம் இருக்கும். ஒரே கப்பலில் மூன்று வகுப்பு டிக்கெட்.

இந்த ஆழக் கணக்கு ஏன் முக்கியம் என்பதைக் காற்றை வைத்துப் பார்த்தால் புரியும். வழக்கமான அலுமினிய சிலிண்டர் ஒன்றின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்தால் 2,200 லிட்டர். ஐம்பது பார் மிச்சம் வைத்தே மேலேற வேண்டும் என்பது பழக்கம். ஆக, செலவழிக்கக் கையில் இருப்பது 1,650 லிட்டர். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குபவர், அழுத்தம் இரண்டு மடங்காகும் 10 மீட்டர் ஆழத்தில் 40 லிட்டர் வாங்குவார். நாற்பது நிமிடம் ஓடும். அதே ஆள் 30 மீட்டரில் 80 லிட்டர் வாங்குவார். இருபது நிமிடத்தில் சிலிண்டர் காலி. பதற்றத்தில் நாய் மாதிரி இரைக்கிற புதியவருக்கு இதைவிடக் குறைவு. அவர் பார்க்க வேண்டியதெல்லாம் 5 மீட்டருக்கும் 15 மீட்டருக்கும் நடுவில் இருந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்? துலாம்பென்னில் இருக்கிறது. சூரிய வெளிச்சத்தில் சிவப்பு முதல் சில மீட்டர்களிலேயே மங்கிவிடும். ஆழம் போகப் போக எல்லாம் நீலச் சாம்பலாகத் தெரியும். கப்பலின் மேல்பகுதி வெளிச்சத்தில் இருப்பதால் பவளமும் அங்கே செழிக்கிறது, நிறமும் கண்ணுக்குத் தெரிகிறது.

சரிவு இன்னொரு உதவியும் செய்கிறது. படகிலிருந்து குதித்தால் மேலே நீலம், கீழே நீலம். எந்தப் பக்கம் ஏறுகிறோம், எவ்வளவு வேகத்தில் ஏறுகிறோம் என்பது புதியவருக்குப் பிடிபடாது. கரையிலிருந்து இறங்குகிறவருக்குத் தரை எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது. காது அடைத்தால் நாலடி பின்வாங்கினால் போதும், ஆழம் குறைந்துவிடும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, காது திறந்ததும் மறுபடி இறங்கலாம். வெளியே வருவதும் இதே போலத்தான். சரிவோடு மெல்ல ஏறிக்கொண்டே வந்தால், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, ஆழத்தில் மூச்சோடு உடம்பில் கரைந்த நைட்ரஜனைக் கழிக்கும் அந்த வழக்கமான நிறுத்தம் தானாகவே நடந்துவிடும். நடுக்கடலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சுற்றிலும் வேடிக்கை பார்த்துக்கொண்டே நிற்கலாம். படகு இல்லாததால் குமட்டலும் இல்லை. வங்கக்கடல் பக்கம் டைவிங் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். நம் கரையில் பெரும்பாலும் கடல் மணலாகவே நெடுந்தூரம் ஆழமின்றிப் போகும். பவளப்பார் இருக்கும் இடத்துக்குப் படகில் ஆடி ஆடிப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேர் வாந்தி எடுத்திருப்பார்கள்.

சரி, நீரோட்டம்? பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவில் இருப்பது சாதாரணக் கால்வாய் அல்ல. பசிபிக் பெருங்கடலின் நீர் இந்தோனேசியத் தீவுகளின் சந்துபொந்துகள் வழியாக இந்தியப் பெருங்கடலுக்குள் வடிந்துகொண்டே இருக்கிறது. எல்லா வழிகளையும் சேர்த்துப் பார்த்தால் விநாடிக்குச் சுமார் ஒன்றரைக் கோடி கன மீட்டர். லொம்போக் நீரிணை அந்த வழிகளில் ஒன்று. இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1856-இல் பாலியிலிருந்து லொம்போக்குக்குக் கடந்தபோது, ஆசியாவின் பறவைகள் ஒரு கரையோடு நின்றுவிட்டு வேறு உலகத்துப் பறவைகள் மறுகரையில் தொடங்குவதைக் கண்டு வியந்ததும் இதே நீரிணையில்தான். தெற்கே நூசா பெனிடா தீவைச் சுற்றி இந்த ஓட்டம் முரட்டுத்தனமாகப் பாயும். ஆழத்துக் குளிர்நீர் மேலே கிளம்பும். அங்கே புதியவர்களை இறக்குவதற்கு முன் நல்ல வழிகாட்டி இரண்டு முறை யோசிப்பார். துலாம்பென் பாலியின் வடகிழக்கில், நீரிணையின் வடக்கு வாசலுக்கு அருகே, ஆனால் ஓட்டப்பாதையிலிருந்து ஒதுங்கிய ஒரு சிறு விரிகுடாவில் இருக்கிறது. பெருநீரோட்டம் சுமந்து வரும் மிதவை உயிர்களும் லார்வாக்களும் இங்கே வந்து சேரும். அதன் வேகம் வராது. விருந்து வீட்டுக்கு அடுத்த வீடு மாதிரி. வாசனையும் சாப்பாடும் வரும், இரைச்சல் கம்மி.

ஆனால் இரை வந்தால் மட்டும் போதாது; ஒட்டிக்கொள்ள இடம் வேண்டும். எரிமலைக் கறுப்பு மணல் ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு அலைக்கும் இடம் மாறும். பவளத்தின் குஞ்சு அதில் வேர் பிடிக்க முடியாது. 1963-க்குப் பிறகு அந்த வெற்றுச் சரிவில் திடீரென்று 125 மீட்டருக்கு ஒரு கெட்டித் தளம் கிடைத்தது. உள்ளே இருட்டறைகள், வெளியே வெயில் படும் தகடுகள், இடுக்குகள், தூண்கள். கடற்பஞ்சு, கடல் விசிறி, மென்பவளம், கல்பவளம் எல்லாம் அறுபது ஆண்டுகளாகக் குடியேறிக்கொண்டே இருக்கின்றன. இன்று பல இடங்களில் இரும்பு எங்கே முடிகிறது, பவளம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஒரு பீரங்கியை வழிகாட்டி கை நீட்டிக் காட்டிய பிறகுதான் அது பீரங்கி என்றே தெரியும்.

இங்கே உள்ள மீன்களில் பல நமக்குப் புதியவை அல்ல. இந்தோ-பசிபிக் கடல் முழுக்க உறவுக்காரர்கள்தானே. சீலா, களவா, பாறை, கிளாத்தி, அஞ்சாலை என்று மன்னார் வளைகுடா மீனவர் சொல்லும் பெயர்களிலேயே பாதிக் கப்பலை விவரித்துவிடலாம். கண் பெரிதான பாறை மீன்கள் நூற்றுக்கணக்கில் ஒரே திரளாகச் சுழன்றுகொண்டிருக்கும். தூரத்தில் பார்த்தால் கடலுக்குள் வெள்ளிச் சுழல்காற்று. நடுவே நுழைந்தால் கூட்டம் பிளந்து வழி விட்டு, பின்னால் மறுபடி மூடிக்கொள்ளும். ஒரு பெரிய சீலா கப்பலின் ஓரத்தில் தனியாக, அசையாமல், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பெரியவர் மாதிரி நிற்கும். அழுங்காமை கடற்பஞ்சைப் பிய்த்துத் தின்று கொண்டிருக்கும். மனிதரைக் கண்டால் தலையைக்கூடத் தூக்காது.

காலை ஆறு மணிக்கே ஆட்கள் வந்து நிற்பது நெற்றி புடைத்த கிளிமீனுக்காக. கிளிமீன்களிலேயே பெரியது, 1.3 மீட்டர் வரை வளரும், 40 கிலோவைத் தாண்டும். பவளத்தை அலகால் கடித்து நொறுக்கித் தின்று, மணலாகக் கழிக்கும். நன்கு வளர்ந்த ஒரு மீன் வருடத்துக்கு ஐந்து டன்னுக்கு மேல் பவளப்பாரைத் தின்று தீர்க்கும் என்று ஆஸ்திரேலியாவில் கணக்கிட்டிருக்கிறார்கள். வெள்ளை மணல் கடற்கரைகள் பலவற்றில் நாம் மிதித்து நடப்பது பெருமளவு கிளிமீன்களின் எச்சம் என்பதைத் தேனிலவுக்குப் போகிறவர்களிடம் சொல்லாமல் இருப்பது நல்லது. பகலில் அங்கங்கே மேயும் இவை இரவில் கப்பலுக்கு வந்து கூட்டமாகத் தூங்கும். விடிகிற நேரத்தில், கப்பலுக்குள் இன்னும் இருட்டு பிரியாதபோது, சாம்பல் பச்சை உருவங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். எருமைகள் தொழுவத்திலிருந்து கிளம்புவது போலவே இருக்கும். அதே அவசரமின்மை, அதே பெரிய நெற்றி. எட்டு மணிக்குப் போனால் தொழுவம் காலி. உலகம் முழுக்க இவற்றின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருக்கிறது. இரவில் கூட்டமாகத் தூங்கும் பழக்கமே டார்ச்சும் ஈட்டியும் வைத்திருப்பவருக்கு இவற்றைச் சுலபமான வேட்டையாக்கியது.

எதிர்முனையில் இருப்பவை கண்ணுக்கே தட்டுப்படாதவை. கடல் விசிறியில் வாழும் குள்ளக் கடல்குதிரை இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டாது. உடம்பெங்கும் விசிறியின் மொட்டுகளைப் போலவே முண்டுகள், அதே இளஞ்சிவப்பு. விஞ்ஞானம் இதைக் கண்டுபிடித்த கதையே அதன் வேஷத்துக்குச் சான்று. 1969-இல் நியூ கலிடோனியாவில், கண்காட்சித் தொட்டிக்காகக் கொண்டுவந்த கடல் விசிறி ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்த ழோர்ழ் பார்ஷிபான் என்பவரின் கண்ணில், விசிறியோடு சேர்ந்தே வந்துவிட்ட இந்தக் குதிரை பட்டது. மறு வருடம் அவர் பெயரிலேயே இதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். கடலில் தேடி யாரும் கண்டுபிடிக்கவில்லை. துலாம்பென்னில் வழிகாட்டிகள் கம்பியால் சுட்டிக் காட்டினாலும் முதல் ஒரு நிமிடம் 'எங்கே, எங்கே' என்றுதான் விழித்துக்கொண்டிருப்போம்.

எனக்குப் பிடித்தது கப்பலல்ல. கப்பலுக்குப் போகும் வழி. எல்லோரும் கப்பலைப் பார்க்கிற அவசரத்தில் கறுப்பு மணலைத் தாண்டி நீந்திவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று பார்த்தால் மணலில் ஒரு பொந்து. வாசலில் விரல் நீள மீன் ஒன்று காவலுக்கு நிற்கும். பொந்துக்குள்ளிருந்து ஓர் இறால் கை நிறைய மணலைத் தள்ளிக்கொண்டு வந்து கொட்டிவிட்டு உள்ளே போகும், மறுபடி வரும். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆகவே வெளியே வரும்போதெல்லாம் அதன் மீசை ஒன்று மீனின் மேல் தொட்டுக்கொண்டே இருக்கும். ஆபத்து என்றால் மீன் வாலை ஒரு சிலுப்பு சிலுப்பும். இறால் நொடியில் உள்ளே. இன்னும் நெருங்கினால் மீனும் தலைகீழாகப் பாய்ந்து மறைந்துவிடும். மூச்சை மெல்ல விட்டு அசையாமல் கிடந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் முதலில் மீனின் கண், பிறகு மீசை, பிறகு மறுபடி மண் அள்ளும் வேலை. வீடு கட்டுவது ஒருவர், காவல் இன்னொருவர், குடியிருப்பது இருவரும். இதற்கு எட்டு மீட்டர் ஆழம் போதும்.

அதே மணலில் இன்னும் சற்றுத் தள்ளித் தோட்ட விலாங்குகள். நூற்றுக்கணக்கான விலாங்குகள் பாதி உடம்பை மணலில் புதைத்து, மீதியை மேலே நீட்டி, ஓட்டம் வரும் திசையைப் பார்த்து வளைந்து நிற்கும். தூரத்திலிருந்து நாற்றங்கால் மாதிரி தெரியும். நெருங்க நெருங்க முன்வரிசை மணலுக்குள் இறங்கிக்கொண்டே போகும்; எப்போதும் நமக்கும் அவற்றுக்கும் அதே தூரம்.

இப்போது கரைக்கு வருவோம். ஒரு முழு சிலிண்டர் சுமார் 16 கிலோ. அதோடு மிதவைச் சட்டை, வாயில் வைத்து மூச்சுவிடும் ரெகுலேட்டர், ஈயக் கட்டிகள். வாகனம் நிற்கும் இடத்திலிருந்து நீர் ஓரத்துக்கு இவற்றைக் கற்களின் மேல் சுமந்து போவதென்றால் பலருக்குத் தண்ணீரைத் தொடுமுன்பே மூச்சு வாங்கிவிடும். உலகின் பல கரை டைவ் இடங்களில் புதியவர்களைத் திணறடிப்பது கடலல்ல, இந்த நடைதான். துலாம்பென்னில் அந்த வேலையை ஊர்ப் பெண்கள் செய்கிறார்கள். தலையில் துணிச் சும்மாடு, அதன்மேல் குறுக்காகச் சிலிண்டர். சிலர் இரண்டை ஒன்றாகத் தூக்குவார்கள். முப்பது கிலோவுக்கு மேல். காலில் சாதாரண ரப்பர்ச் செருப்பு. என் இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும் ஓர் இபு (அங்கே 'அம்மா' என்று அழைப்பது அப்படித்தான்), இரண்டு சிலிண்டரைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையைக்கூடத் தூக்கிப் பிடிக்காமல், அந்த உருளைக் கற்களின் மேல் கோயில் பிரகாரத்தில் நடப்பது போல நடந்து போனார். பின்னால் நான் வெறுங்கையோடு, தடுமாறித் தடுமாறி. இந்தக் கரை வறண்டது, விவசாயம் சொற்பம். மீனும் சோளமும் கால்நடையும் தந்த வருமானத்துக்கு மேல் இன்று டைவிங்தான் ஊரை நடத்துகிறது. சுமைக்காரர்கள் குழுவாகச் சேர்ந்து முறை வைத்து வேலை பார்க்கிறார்கள். 'எளிதான டைவ்' என்று எழுதுகிறவர்கள் இந்த எளிமையில் ஒரு பங்கு இவர்கள் கழுத்தில் இருக்கிறது என்பதை எழுதுவதே இல்லை.

எளிது என்றதும் அலட்சியம் வரும். துலாம்பென் அதற்குத் தண்டனை கொடுக்கும் இடங்கள் உண்டு. முதலாவது நீர் ஓரம். அலை உடையும் அந்த மூன்று மீட்டரில் கற்கள் காலடியில் உருண்டுகொண்டே இருக்கும். காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸை மாட்டிக்கொண்டு நடக்கப் பார்த்தால் விழுவது நிச்சயம். நான் விழுந்தேன், மாஸ்க் ஒரு பக்கம், கௌரவம் ஒரு பக்கம். ஃபின்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, மாஸ்க்கை மாட்டி, ரெகுலேட்டரை வாயில் வைத்து, இரண்டு அலைக்கு நடுவில் இடுப்பளவு ஆழம் வரை போய்விட வேண்டும். அங்கே மிதந்தபடி ஃபின்ஸை மாட்டுவதுதான் முறை. வெளியே வரும்போது இன்னும் சிரமம். களைத்திருப்போம், சிலிண்டர் மறுபடி கனக்கும். வெட்கப்படாமல் தவழ்ந்து வருகிறவர்கள்தான் காயமில்லாமல் வருகிறார்கள்.

இரண்டாவது, ஆழம். அடிப்படைப் பயிற்சி முடித்தவருக்கான எல்லை 18 மீட்டர். பயிற்சியே இல்லாமல் வழிகாட்டியோடு இறங்குகிறவருக்கு 12. தண்ணீர் தெளிவாக இருக்கும் நாளில் கப்பலின் அடிப்பகுதி கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். சரிவு மெல்லிசாக இறங்குவதால் இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்ற உணர்வே வராது. ஒரு மீனைத் துரத்திக்கொண்டு போய்க் கடிகாரத்தைப் பார்த்தால் 24 மீட்டர். மூன்றாவது, கப்பலின் உள்ளே. உடைந்து திறந்து கிடப்பதால் உள்ளே நுழைவது சுலபம் போலத் தோன்றும், வெளிச்சமும் தெரியும். ஆனால் இரும்பு அறுபது வருடமாகத் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. தகடுகள் மெலிகின்றன, விளிம்புகள் கத்தி. மிதப்பைச் சரியாகக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் உள்ளே ஒரு உதை உதைத்தால் வண்டல் கிளம்பி எல்லாம் இருட்டிவிடும். வெளியிலிருந்து பார்க்கவே ஒரு வாரத்துக்கு இருக்கிறது.

நான்காவது, யாரும் அதிகம் பேசாதது: திரும்பும் சாலை. விமானத்தில் ஏறுவதற்கு முன் பதினெட்டு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது டைவிங் போகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாலையில் உபுத் பக்கம் திரும்புகிறவர்கள் சிலர் காட்சி அழகாக இருக்கும் என்று கிந்தாமணி மலைப்பாதையைப் பிடிப்பார்கள். அது சுமார் 1,500 மீட்டர் உயரம். உடம்பிலிருந்து நைட்ரஜன் முழுக்கக் கழியாதபோது அந்த உயரத்துக்கு ஏறுவது சிறு விமானப் பயணம் போலத்தான். கடலோரச் சாலையில் போங்கள். இல்லையேல் இரவு துலாம்பென்னிலேயே தங்கிவிடுங்கள். தங்கினால்தான் கிளிமீனும் கிடைக்கும்.

தங்குவதற்கு இன்னொரு காரணம் கூட்டம். விமான நிலையமும் பெரிய விடுதிகளும் இருக்கும் தெற்குப் பாலியிலிருந்து இங்கே வர இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். வேன்கள் ஒன்பது மணிக்குப் பிறகு வந்து இறங்கும். மதியம் வரை கப்பலைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். யாருடைய ஃபின்ஸ் யார் முகத்தில் என்றே தெரியாது. புதியவர்களின் சொர்க்கம் என்ற பெயர் கப்பலுக்குச் செய்யும் தீங்கும் இதுதான். மிதப்பு கைவராதவர்கள் பிடிமானத்துக்குப் பவளத்தைப் பிடிப்பார்கள், முட்டி போடுவார்கள். ஒருமுறை ஒடிந்த விசிறி மறுபடி வளரப் பல வருடம் ஆகும். அதனால் முதல் டைவைக் கப்பலில் வைக்காமல், பக்கத்தில் உள்ள பவளத் தோட்டம் என்ற ஆழமற்ற பகுதியின் மணல் திட்டில் வைக்கும் பயிற்சியாளர்களே எனக்கு உசத்தியாகத் தெரிகிறார்கள். ஒரு நாள் பொறுத்தால் கப்பல் எங்கும் ஓடிவிடாது.

பருவம் என்று பார்த்தால் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை நல்லது. டிசம்பருக்குப் பிறகு மழை மலையிலிருந்து மண்ணைக் கொண்டுவந்து கலக்கும். ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் மங்கலாக இருக்கும் நாட்கள் அதிகம். வெப்பம் பெரும்பாலும் 27, 28 டிகிரி. மெல்லிய உடுப்பு போதும். அகுங் 2017-இல் மறுபடி புகைந்து விமான நிலையத்தையே மூட வைத்தது. கிளம்புமுன் மலையின் நிலவரத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசி நாள் இரண்டாவது டைவ் முடிந்து கற்களின் மேல் தவழ்ந்து வந்தபோது, அதே இபு நீர் ஓரத்தில் காத்திருந்தார். நான் எழுந்து நிற்பதற்குள் வாரைக் கழற்றி, சிலிண்டரைச் சாய்த்துத் தலைக்கு ஏற்றிவிட்டார். காலி சிலிண்டர் என்றாலும் கனம் அதிகம் குறைந்திருக்காது. உள்ளே இருந்த காற்றின் எடை இரண்டரை கிலோதான். 'என்ன பார்த்தாய்?' என்று கேட்பது போலக் கண்ணால் கேட்டார். கையை நெற்றியில் வைத்து முண்டு காட்டினேன். சிரித்தார். பிறகு மேலே பார்த்து, அடுத்த வேன் வந்து நிற்பதைக் கண்டு, நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார்.